உருகிய உலோகமும் நனையாத துணிக்கையும்: அலுமினியக் கூட்டுப்பொருள்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனித நாகரிகத்தின் காலங்களை வகுத்தோர் ஒவ்வொரு காலத்துக்கும் ஒற்றைப் பொருளின் பெயரையே இட்டனர். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்னும் பகுப்பு யாவரும் அறிந்ததே. ஆயின், சுவரெழுப்பக் களிமண் குழைத்தவன் அதனுள் வைக்கோலையும் சேர்த்து மிதித்தான் என்பதும் அதேயளவு பழைமையான செய்தியாகும். களிமண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனித்து நில்லாது. இரண்டும் சேர்ந்த இடத்தில் சுவர் நின்றது. இவ்வாறு இரண்டு பொருள்களை, ஒன்று மற்றொன்றிற் கரைந்து மறைந்துவிடாதபடி சேர்த்துவைத்து, ஒன்றன் குறையை மற்றதன் குணத்தால் ஈடுசெய்வதே கூட்டுப்பொருள் எனப்படுகின்றது. உலோகத்தைத் தாய்ப்பொருளாகவும், கடினமான பீங்கானினத் துணிக்கைகளை அதனுள் பதிந்த வலுவூட்டிகளாகவும் கொண்ட கூட்டுப்பொருள்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். பீங்கானினம் என்னும்போது குடத்தையும் கோப்பையையும் மட்டுமன்றி, ஒட்சைட்டுகள், காபைட்டுகள் முதலாய கடினமான, வெப்பந்தாங்கும் சேர்வைகள் அனைத்தையும் குறித்தல் வேண்டும்.

இவ்வரலாற்றின் வாயிலில் ஒரு வினா நிற்கின்றது. 1886 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் சாள்சு மார்ட்டின் ஹோலும் பிரான்சில் போல் ஈருவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறையால், விலைமதிப்புள்ள உலோகமாயிருந்த அலுமினியம் மலிந்த உலோகமாயிற்று. 1891 இல் எட்வேட் குட்றிச் அச்செசன் என்பார் செயற்கை வைரம் செய்ய முயன்று, களிமண்ணையும் கற்கரித் தூளையும் மின்னுலையில் இட்டுச் சூடாக்கியபோது, வைரத்தை அடுத்த கடினமுடைய பளிங்குகளைப் பெற்றார். காபோரண்டம் என அவர் பெயரிட்ட அப்பொருளே சிலிக்கன் காபைட்டு. இவ்விரு தொழில்களுக்கும் பெருமளவு மின்சாரம் வேண்டியிருந்தது. ஆதலின், நயாகரா நீர்வீழ்ச்சியில் மின்னாக்கம் தொடங்கிய 1895 ஆம் ஆண்டை ஒட்டி, அலுமினியம் ஆக்கிய பிற்சுபேக்குக் கம்பனியும் காபோரண்டம் கம்பனியும் அங்கேயே அயலவராய்க் குடியேறின. இலேசான, ஆனால் மென்மையான உலோகம் ஓரிடத்தில். கடினமான, ஆனால் நொறுங்கும் தூள் அடுத்த இடத்தில். ஒன்றன் குறை மற்றதன் குணம் என்பது கண்கூடு. ஆயினும், இவ்விரண்டையும் ஒரு புடக்குகையில் இட்டு, வார்க்கத்தக்க ஒரு பொருளாக்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. தடையாய் நின்றது யாது?

நனைதல் என்னும் சிக்கல்

விடை சுருக்கமானது: உருகிய அலுமினியம் பீங்கானினத் துணிக்கையை நனைப்பதில்லை. தாமரையிலைமேல் நீர் ஒட்டாது முத்துப்போல் உருள்வதைக் காணாதார் இலர். ஒரு திரவத்துளி திண்மத்தின்மேற் படரும்போது, துளியின் விளிம்பு அத்திண்மத்தோடு ஆக்கும் கோணம் தொடுகைக் கோணம் எனப்படும். அக்கோணம் 90 பாகையிற் குறைந்தால் திரவம் படர்ந்து நனைக்கும். கூடினால் திரண்டு விலகும். 1805 இல் இதனை விளக்கியவர் தோமசு யங். பௌதிகவியல் மாணவர் யங்கின் மட்டு என வழங்கும் விறைப்பின் அளவும் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. கூட்டுப்பொருளின் ஆக்கச் சிக்கலும் அதன் பயனும் ஒரே அறிஞரின் பெயரோடு தொடர்புறுவது சுவையான பொருத்தமாகும்.

அலுமினியத்தைப் பொறுத்தமட்டில் இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. முதலாவதாக, உருகிய அலுமினியத்தின் மேற்பரப்பிழுவிசை நீரினதைப்போல் ஏறத்தாழப் பன்னிரு மடங்காகும். இரண்டாவதாக, வளி பட்ட கணத்திலேயே அதன்மேல் ஒட்சைட்டுத் தோல் ஒன்று படிந்துவிடுகின்றது. துணிக்கை முதலிற் சந்திப்பது உலோகத்தையன்று, அத்தோலையே. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். வார்ப்புப் பட்டறையின் வழக்கமான 700 முதல் 750 பாகை வரையிலான வெப்பநிலையில், சிலிக்கன் காபைட்டின்மேல் அதன் தொடுகைக் கோணம் 90 பாகைக்கு மிக மேலேயே நிற்கின்றது. ஆகவே, உருகிய உலோகத்திலே தூளைக் கொட்டினால் அது மேலே மிதக்கும். வலிந்து அமிழ்த்தினாலும் திரண்டு ஒதுங்கும். தூள் உலோகத்திலும் அடர்த்தி கூடியதாயினும் நிலை இதுவேயாகும்.

இப்பண்பு ஒரு தொழிலில் தீமையாயினும் இன்னொரு தொழிலில் நன்மையாயிருந்தது என்பதை இலங்கையின் பொருளாதார வரலாற்றைக் கற்போர் எளிதில் உணர்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் போகலை, ககட்டகக முதலிய சுரங்கங்களை உடைய இந்நாட்டின் காரீயம் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இலண்டன் பற்றர்சியில் இருந்த மோர்கன் புடக்குகைக் கம்பனி அதனை விரும்பி வாங்கிய நிறுவனங்களுள் ஒன்று. உலோகம் உருக்கும் புடக்குகைக்குக் காரீயம் சிறந்ததாகக் கருதப்பட்டமைக்கு, அது பெருவெப்பத்தைத் தாங்கும் என்பதோடு, உருகிய உலோகம் அதில் ஒட்டாது என்பதும் காரணமாகும். பாத்திரத்தின் சிறப்பாயிருந்த இந்த ஒட்டாமையே, அதே பொருளைத் தூளாக்கி உலோகத்தினுள் இருத்த முயன்றபோது பெருந்தடையாயிற்று.

நனைந்த இடத்தில் வந்த முதல் வெற்றி

நனைதலே மூலச்சிக்கல் என்பதற்கு, அச்சிக்கல் இல்லாத இடத்தில் வெற்றி முன்னரே வந்தமை சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்குமிழ்களுக்கு வேண்டிய தங்குதன் இழையை, வைரத்தில் துளையிட்ட அச்சுகளினூடாக இழுத்தே மெல்லிதாக்கினர். வைரத்துக்கு மாற்றுத் தேடியது பேர்லினில் இருந்த ஒசுராம் கம்பனி. தங்குதன் காபைட்டு வேண்டிய கடினம் உடையதாயினும் தனித்து நின்றால் நொறுங்கியது. காள் சுரோற்றர் என்பார் அக்காபைட்டின் நுண்டூளோடு சிறிதளவு கோபாற்றைக் கலந்து அழுத்தி, கோபாற்று உருகும் நிலைவரை சூடாக்கினார். உருகிய கோபாற்று ஒவ்வொரு காபைட்டுத் துணிக்கையையும் ஏறக்குறைய முற்றாகவே நனைத்து, நுண்ணிய இடைவெளிகள்தோறும் தானாகவே புகுந்து பற்றிக்கொண்டது. 1923 இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. சில ஆண்டுகளில் குறுப்பு நிறுவனம் ‘வைரம் போன்றது’ எனப் பொருள்படும் யேர்மன் சொற்றொடரைச் சுருக்கி, விடியா என்னும் பெயரோடு இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. உலோகம் கடையும் தொழில் இதனால் முற்றாக மாறியது.

பீங்கானினத் துணிக்கையும் உலோகமும் சேர்ந்த இப்பொருள் இன்றும் உலகின் பட்டறைகள் தோறும் வெட்டுமுனையாக வழங்குகின்றது. கோபாற்றுக்கு இயல்பாய் வாய்த்த நனைக்கும் ஆற்றல் அலுமினியத்துக்கு வாய்க்கவில்லை. அதன் பிந்திய வரலாறு முழுவதும், இயற்கை மறுத்த அந்த ஆற்றலை வேறு வழிகளால் உண்டாக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறே எனலாம்.

விலையுயர்ந்த வழிகள்

உருகிய நிலையிற் சேராதவற்றைத் தூள்நிலையிலேயே சேர்ப்பது ஒரு வழி. 1940களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்டு இர்மான், மெல்லிய ஒட்சைட்டுத் தோலுடைய அலுமினியத் தூளை அழுத்திச் சூடாக்கிப் பிதுக்கியபோது, வெப்பத்திலும் வலிமை குன்றாத உலோகம் கிடைத்தது. உடைந்து பரவிய ஒட்சைட்டு நுண்டுணிக்கைகளே அவ்வலிமைக்குக் காரணம். வார்ப்புக்குத் தொல்லை தந்த தோலையே வலுவூட்டியாக மாற்றிய இம்முறை அறிவுக்கு விருந்தாயிற்று. ஆயின் தூளாக்கல், அழுத்தல், சூடாக்கல், பிதுக்கல் எனப் பல படிகளைக் கொண்டமையால் விலை மிகுந்ததாயிற்று.

1960களில் வானியல், இராணுவத் தேவைகள் முன்னின்றமையால், வல்லரசுகளின் ஆய்வுகூடங்கள் துணிக்கையை விடுத்து நாரை நாடின. நீண்டு தொடர்ந்த நார் தன் திசையில் வரும் சுமையைத் தானே தாங்கும். துணிக்கையால் அவ்வளவு இயலாது. போரன் நாரை அலுமினியத்தினுள் அடுக்கிச் செய்த குழாய்கள், 1981 இல் முதன்முதல் விண்ணேகிய அமெரிக்க விண்ணோடத்தின் நடுவுடற் சட்டகத்திற் பயன்பட்டன. 1990 இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் உணர்கொம்புத் தண்டு, காபன் நாரும் அலுமினியமும் சேர்ந்ததாகும். இவை வியக்கத்தக்க சாதனைகளே. ஆயினும் ஒரு கிலோகிராம் எடையைக் குறைப்பதற்கு எவ்விலையும் கொடுக்க முன்வரும் துறைகளுக்கே இவை ஏற்றவை. நீரிறைக்கும் யந்திரத்துக்கோ பேருந்தின் எஞ்சினுக்கோ இவ்வழி திறக்கவில்லை. சாணைக்கல்லுக்கு ஆக்கப்படும் மலிந்த தூளையும் ஊர்தோறும் உள்ள வார்ப்புப் பட்டறையையும் கொண்டு கூட்டுப்பொருள் ஆக்க இயலுமா என்பதே எஞ்சிய வினா. செல்வம் குறைந்த நாடுகளின் பார்வையில் இதுவே தலையாய வினாவுமாகும்.

துழாவியும் சுழியும்

இவ்வினாவுக்கு விடை காண்பதில் முன்னின்றவருள் ஒருவர் இந்திய உலோகவியலாளர் பிரதீப் றொகாட்கி. பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திலும் பயின்ற இவர், 1960களில் அமெரிக்காவில் சர்வதேச நிக்கல் கம்பனியின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். தானே மசகாக அமையும் காரீயத் துணிக்கைகளை அலுமினிய வார்ப்பினுள் இருத்துவது அங்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சியாகும். காரீயத்தை அலுமினியம் நனைக்காது, நிக்கலை நனைக்கும். எனவே காரீயத் துணிக்கைகளுக்கு நிக்கற் பூச்சிட்டு, வாயுவின் துணையோடு அவற்றை உருகிய உலோகத்தினுட் செலுத்தினர். பாடியா, றொகாட்கி ஆகியோர் இவ்வாய்வை 1969 இல் வெளியிட்டனர். சிக்கலை மூடி மறைத்துத் தாண்டும் தந்திரம் இதுவெனலாம். ஆயின் நிக்கற் பூச்சும் செலவுடையதே.

ஏறக்குறைய அதே காலத்தில், கான்பூரில் உள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் எஸ். ரே என்பார் அலுமினா எனப்படும் அலுமினிய ஒட்சைட்டுத் தூளை, உருகிய அலுமினியத்தைக் கலக்கியே அதனுட் சேர்க்க முயன்றார். கருவி மிக எளியது: புடக்குகையில் உருகிய உலோகம், அதனுள் விரைந்து சுழலும் ஒரு துழாவி. துழாவி சுழலும்போது உலோகத்தின் நடுவே குழிந்த சுழி ஒன்று தோன்றும். சுழியின் ஓரத்தில் தூளைச் சிறிது சிறிதாகச் சொரிந்தால், மேற்பரப்பில் மிதக்க முயலும் துணிக்கைகளைச் சுழி உள்ளே இழுத்துச் செல்லும். கலக்கி வார்த்தல் என இன்று வழங்கும் முறையின் சாரம் இதுவே.

சுழி துணிக்கையை உள்ளே கொண்டுசெல்லும். அங்கே நிலைத்து நிற்கச் செய்யாது. துழாவியை நிறுத்தியதும் நனையாத துணிக்கை மீண்டும் வெளியேறிவிடும். 1970களில் றொகாட்கி பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்துக்கு வந்தபின், அங்கு அவரோடு பணியாற்றிய பாய், சுரப்பா முதலியோர் இச்சிக்கலைப் படிப்படியாக ஆராய்ந்தனர். 1976 இல் வெளிவந்த ஆய்வு, உருகிய அலுமினியத்தோடு சிறிதளவு மகனீசியம் சேர்த்தால் அலுமினா, மகனீசியா ஆகியவற்றின் துணிக்கைகளைச் சாதாரண வார்ப்புப் பட்டறையிலேயே சேர்த்துக்கொள்ளலாம் எனக் காட்டியது. மகனீசியம் உலோகத்தின் மேற்பரப்பிழுவிசையைக் குறைக்கின்றது. ஒட்சிசன்மேல் அதற்குள்ள பெருநாட்டத்தால் ஒட்சைட்டுத் தோலைத் தாக்குகின்றது. துணிக்கையின் மேற்பரப்போடு தாக்கமுற்று, இரண்டுக்கும் இடையே பிணைப்பான ஒரு மென்படையை ஆக்குகின்றது. விலையுயர்ந்த பூச்சொன்று செய்த வேலையை உலைக்குள் இட்ட சிறுதுண்டு உலோகம் செய்தது.

1981 இல் சுரப்பாவும் றொகாட்கியும் பீங்கானினத் துணிக்கை சேர்ந்த அலுமினிய வார்ப்புகளின் ஆக்கமுறையையும் பண்புகளையும் விரிவாக வெளியிட்டனர். துணிக்கைகளை முன்னரே சூடாக்கினால், அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் ஈரமும் வாயுவும் அகன்று நனைதல் இலகுவாகும் என்பதும் இக்காலத்து ஆய்வுகளில் வலியுறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பூச்சற்ற காரீயத் துணிக்கைகளையும் நேரே சேர்க்கும் முறை விவரிக்கப்பட்டது. 1982 இல் முரளி, சுரப்பா, றொகாட்கி ஆகியோர் தேங்காய்ச் சிரட்டைக் கரியின் துணிக்கைகளைச் சேர்த்த அலுமினியக் கூட்டுப்பொருளின் ஆக்கத்தையும் பண்புகளையும் வெளியிட்டனர். தென்னை வளரும் நாடுகளில் அடுப்பெரிக்கும் பொருளும் உலோகவியலின் மூலப்பொருள் ஆகலாம் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. வெளிநாட்டு ஆய்வின் நிழலாய் அமையாது, தம் நாட்டின் வளங்களையும் பட்டறைகளையும் கருத்திற் கொண்டு வினாவைத் தாமே வகுத்துக்கொண்டமை இவ்வாய்வாளரின் தனிச்சிறப்பாகும்.

கூழ்நிலையில் ஒரு குறுக்குவழி

இதேவேளை மசச்சூசெற்சில் தற்செயலாக வேறொரு வழி திறந்தது. 1971 இல், பேராசிரியர் மேற்றன் பிளெமிங்கின் மாணவரான டேவிட் சுபென்சர், வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலப்புலோகம் ஒன்று உறையும்போது வெடிப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். உறையத் தொடங்கும் உலோகத்தை இடைவிடாது கலக்கியபோது, பாதி திண்மமாகிய நிலையிலும் அது இறுகாது கூழ்போல் ஒழுகுவதை அவர் கண்டார். கிளைகிளையாய் வளர வேண்டிய பளிங்குகள் கலக்கலால் உருண்டையாகிவிடுவதே இதற்குக் காரணம். மேற்றாபியன், றீக், பிளெமிங்கு ஆகியோர் 1974 இல் இக்கூழினுள் உலோகமல்லாத துணிக்கைகளைச் சேர்த்துக் காட்டினர். கூழிலுள்ள திண்மக் குருணைகள் துணிக்கைகளை மிதக்கவும் அமிழவும் விடாது இடையிற் பிடித்துவைக்கும். நேரம் செல்லச் செல்லத் துணிக்கைக்கும் திரவத்துக்கும் இடையே பிணைப்பு உண்டாகும். நனைதலுக்கு வேண்டிய அவகாசத்தைப் பொறிமுறையாற் பெற்றுக்கொடுத்த வழி இது.

நனைந்தபின் எழுந்த சிக்கல்கள்

நனைதல் கைகூடிய பின்னரே ஏனைய சிக்கல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் நான்கு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, அமிழ்தல். சிலிக்கன் காபைட்டின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 3.2 கிராம், உருகிய அலுமினியத்தினது ஏறத்தாழ 2.4 கிராம். துணிக்கை அமிழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பது சுற்றோக்கின் விதி. தனித்த ஒரு துணிக்கை 100 மைக்கிரோமீற்றர் விட்டமுடையதாயின் செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் அமிழும். 10 மைக்கிரோமீற்றர் விட்டமுடையதாயின் அதன் நூற்றிலொரு பங்கு வேகத்திலேயே அமிழும். ஆகவே நுண்டூளே நன்று. ஆயின் தூள் நுண்மையாகும்போது மொத்தப் பரப்புப் பெருகும், நனைப்பதும் கடினமாகும், துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளவும் செய்யும்.

இரண்டாவது, வாயு. தூளை உள்ளிழுக்கும் அதே சுழி வளியையும் ஒட்சைட்டுத் தோலையும் உள்ளிழுக்கும். உறைந்த வார்ப்பில் அவை நுண்டுளைகளாய் எஞ்சி வலிமையைக் குன்றச் செய்யும்.

மூன்றாவது, ஒதுக்கல். உலோகம் உறையும்போது முன்னேறும் திண்ம முகம் துணிக்கையை விழுங்கவும் கூடும், முன்னே தள்ளிச் செல்லவும் கூடும். 1964 இல் ஊல்மன், சாமேர்சு, யாக்சன் ஆகியோர் இதனை ஆராய்ந்து, முகம் முன்னேறும் வேகமே இதனைத் தீர்மானிக்கும் என்றும், ஒரு மாறுநிலை வேகத்துக்குக் கீழே துணிக்கை தள்ளப்படும் என்றும் காட்டினர். மெல்ல உறையும் தடித்த வார்ப்பில் துணிக்கைகள் இறுதியாக உறையும் ஓரங்களிலே குவிந்து, அங்கே வெடிப்புக்கு வழிவகுக்கும்.

நான்காவது, மிகையான பிணைப்பு. வெப்பநிலையை மிக உயர்த்தினால் அலுமினியம் சிலிக்கன் காபைட்டை நனைக்கும். ஆனால் அதனை அரிக்கவும் தொடங்கும். அவ்வாறு உண்டாகும் அலுமினியக் காபைட்டு நொறுங்கும் தன்மையது. ஈரம் பட்டால் மெதேன் வாயுவை விட்டுச் சிதையும். உலோகத்தில் முன்னரே நூற்றுக்கு எட்டு முதல் பத்து வீதம்வரை சிலிக்கன் இருந்தால் இத்தாக்கம் தடைப்படும். அக்காரணத்தாலேயே சிலிக்கன் காபைட்டு சேர்ந்த வார்ப்புகளுக்குச் சிலிக்கன் மிகுந்த கலப்புலோகங்களும், சிலிக்கன் குறைந்த கலப்புலோகங்களுக்கு அலுமினாத் துணிக்கைகளும் தெரியப்பட்டன. ஒட்டாமை தீமை, அளவிறந்து ஒட்டுதலும் தீமை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியே வார்ப்பாளனுக்குரியது.

ஆய்வுகூடத்திலிருந்து ஆலைக்கு

1980களில் கலிபோணியாவின் சான் டியேகோவில் சுகிபோ, சுசுற்றர் ஆகியோர் வாயுச் சிக்கலுக்கு நேரான தீர்வொன்றைக் கண்டனர். வெற்றிடத்தினுள், வளியை உள்ளிழுக்காதபடி அமைந்த துழாவியால் வலிந்து கலக்குவதே அத்தீர்வு. 1988 இல் காப்புரிமை பெற்ற இம்முறையைக் கனடாவின் அல்கான் நிறுவனம் கையேற்றது. கியூபெக்கு மாகாணத்தில் பேராலை எழுந்தது. தூரல்கான் என்ற பெயரில் பாளமாக விற்கப்பட்ட இப்பொருளை எந்த வார்ப்புப் பட்டறையும் வாங்கி மீண்டும் உருக்கி வார்க்க முடிந்தது. நூற்றுக்கு 20 வீதம் சிலிக்கன் காபைட்டு சேர்ந்தபோது அலுமினியத்தின் யங்கின் மட்டு 70 கிகாபாசுக்காலில் இருந்து ஏறத்தாழ 100 கிகாபாசுக்காலாக உயர்ந்தது. தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றலும் பெருகியது.

தெலவேர் மாநிலத்தின் லாங்சைட்டு நிறுவனம் கலக்கலையே தவிர்த்தது. தூளை முதலிற் கட்டியாக்கி, மகனீசியம் சேர்ந்த உருகிய அலுமினியத்தோடு நைதரசன் சூழலில் தொடவிட்டால், உலோகம் எவ்வித அழுத்தமுமின்றித் தானாகவே கட்டியினுள் ஊறிப் பரவுவதை அது கண்டது. யப்பானில் ரொயோட்டா நிறுவனம் 1983 அளவில், டீசல் எஞ்சினின் முசலத்தில் வளையம் பொருந்தும் பகுதியைப் பீங்கானின நாரால் வலுவூட்டியது. முழு முசலத்தையும் விடுத்து, தேயும் இடத்தை மட்டும் வலுவூட்டிய இச்சிக்கனம் நெடிது பயன்பட்டது. போயிங் 777 விமானத்துக்குரிய பிறற் அன்ட் விற்னி எஞ்சின்களில், விசிறியை அடுத்துக் காற்றை நெறிப்படுத்தும் அலகுகள் சிலிக்கன் காபைட்டுத் துணிக்கை சேர்ந்த அலுமினியத்தாலாயின.

வெற்றியின் எல்லைகள்

ஆயினும் 1980களில் எழுந்த பெருநம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. 1996 இல் வெளிவந்த லோட்டசு எலிசு என்னும் சிற்றூர்தி இக்கூட்டுப்பொருளாலான பிறேக்குத் தட்டுகளைத் தாங்கி வந்தது. சில ஆண்டுகளில் அவ்விடத்தை வார்ப்பிரும்பே மீண்டும் பிடித்துக்கொண்டது. காரணங்கள் மறைவானவையல்ல. துணிக்கை கூடக் கூட விறைப்புக் கூடும். ஆனால் முறியுமுன் நீளும் தன்மை குன்றிச் சில வீதமாகிவிடும். வார்த்ததைக் கடைவதும் கடினம். உலோகம் கடையும் தொழிலை மாற்றிய விடியாவின் முனையும் சிலிக்கன் காபைட்டுக்கு முன் விரைந்து தேய, வைரமுனையே வேண்டியதாயிற்று. துணிக்கையால் உலோகத்தை வலுப்படுத்தும் முயற்சியில் மூத்த பொருள் இளையதை வெட்ட இயலாது தோற்றது. மேலும், பழைய அலுமினியத்தோடு இதனைச் சேர்த்து உருக்கினால் அனைத்தும் மாசுபடும். மூலப்பொருள் மலிந்ததாயினும் முடிபொருள் மலியவில்லை.

இன்று இக்கூட்டுப்பொருள் உறுதியாக நிலைபெற்றுள்ள துறை முன்னோடிகள் முதன்மையாகக் கருதாத ஒன்றாகும். பேரளவு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திகளுக்கு, வெப்பத்தை விரைந்து அகற்றுவதும் சிலிக்கனைப்போல் குறைவாகவே விரிவதுமான அடித்தட்டு வேண்டும். ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்கு அலுமினியம் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். சிலிக்கன் 3 பங்கே விரியும். நூற்றுக்கு 60 வீதத்துக்கு மேல் சிலிக்கன் காபைட்டு சேர்ந்த அலுமினியத்தில் இவ்விரிவு ஏறத்தாழ 8 பங்காகக் குறைகின்றது. மின்சார ரயில்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இத்தகைய தட்டுகள் பயன்படுகின்றன. வலிமைக்காகத் தேடிய பொருள் விரிவின் ஒப்புமைக்காக விரும்பப்படுகின்றது.

முடிவுரை

நயாகராவில் அயலவராயிருந்த இரு தொழில்களின் பொருள்கள் எண்பது ஆண்டுகள் சேராதிருந்தமைக்கு, மூலப்பொருளின் அருமையோ யந்திரங்களின் குறைவோ காரணமன்று. இரண்டு பொருள்கள் சந்திக்கும், கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய இடைமுகம் விளங்காதிருந்ததே காரணம். அது விளங்கியபோது ஒரு புடக்குகை, ஒரு துழாவி, சிறிது மகனீசியம் ஆகியனவே போதியனவாயின. கான்பூரிலும் பெங்களூரிலும் நடந்த ஆய்வுகளின் பெறுமதி இங்கேதான் உள்ளது. வறிய நாட்டின் ஆய்வு எளிய கருவியோடு நடப்பது குறையன்று. எளிய கருவி ஏன் தோற்கின்றது என்னும் வினாவை விடாது பற்றிக்கொண்டு, அதன் வேரைக் காண்பதே வேண்டப்படுவது.

அதேவேளை, எளிய முறை என்பதாலேயே அது எளிதில் தொழிலாகிவிடும் எனக் கருதுவதும் தவறு. கலக்கி வார்த்தல் இன்று பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் பெருவழக்காகிவிட்டது. ஒவ்வோராண்டும் புதுப்புதுத் தூள்கள் உருகிய அலுமினியத்திற் கலக்கப்பட்டு, அவற்றின் கடினம் அளக்கப்படுகின்றது. கடினத்தை அளந்து அட்டவணையிடுவதோடு நிற்காது, துணிக்கை நனைந்ததா, பரவியதா, அரிபட்டதா, உறையும்போது ஒதுக்கப்பட்டதா, கடைவதற்கும் மீள உருக்குவதற்கும் இடந்தருமா என்னும் வினாக்களை எழுப்பும் ஆய்வுகளே இவ்வரலாற்றை முன்னெடுத்துச் செல்வனவாகும்.